கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்



சென்ற ஆண்டு ஷஅபான் மாதத்தில் ஒரு நாள், ஸுப்ஹுத் தொழுகைக்குச் சற்று முன்னர், என் உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். அவர்களுக்கு வயது 74. உளூச் செய்து முடித்துவிட்டு, முகம் துடைக்கும் துண்டை எடுக்கக் கையை உயர்த்தியிருக்கிறார்கள். துண்டு கதவுக்குப் பின்னே, அவர்களுடைய தலைக்கு மேலே இருந்த கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. குதிகாலை உயர்த்தி எட்டியபோது ஈரத்தரையில் கால் சறுக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின்னர், வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கும் நிலைக்கு வந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

அந்தக் கொக்கியையும், அதற்குப் பக்கத்திலிருந்த அலமாரியையும் அத்தனை உயரத்தில் அமைக்கச் சொன்னவன் நான்தான். வீட்டைப் புதுப்பித்த வேளையில், குழந்தைகளின் கைக்கு ஃபினாயிலும் ஆசிட்டும் எட்டிவிடக் கூடாதே என்பதே என் கவலையாக இருந்தது. உம்மாவின் கை எதுவரை எட்டும் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்று உம்மா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். "மத்ததெல்லாம் நீங்க செஞ்சு குடுங்க வாப்பா. என் ஒளுவ மட்டும் நானே எடுத்துக்கணும்." சில நாட்களில் இன்னொன்றையும் கவனித்தேன். மஃக்ரிபுக்குப் பிறகு அவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார்கள். இரவில் குளியலறைக்குப் போக வேண்டிவருமே என்ற அச்சம்.

நான் இருபது ஆண்டுகளாக மத்ரஸாவில் பிக்ஹுப் பாடம் நடத்தி வருபவன். நூலின் முதல் பாடமே தூய்மையைப் பற்றியது. எந்தத் தண்ணீர் தூய்மையானது, எவ்வளவு தண்ணீர் இருந்தால் அசுத்தம் அதைப் பாதிக்காது என்றெல்லாம் எத்தனையோ மாணவர்களுக்கு விளக்கியிருக்கிறேன். அந்தத் தண்ணீரை முதியவர் ஒருவரின் கை எட்டுமா என்ற கேள்வியை ஒருநாளும் எழுப்பியதில்லை. நமக்கு முன் வாழ்ந்தவர்களுள் இயலாதோர் எவ்வாறு தண்ணீரை அடைந்தார்கள் என்ற கேள்வியோடு பழைய நூல்களை மீண்டும் புரட்டினேன். அப்போது கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தண்ணீரைக் கொண்டுவந்த கைகள்

நபி (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவில், வீட்டோடு சேர்ந்த கழிவறைகள் தொடக்கத்தில் இல்லை. மக்கள் ஊருக்கு வெளியே இருந்த திறந்தவெளிகளுக்குச் சென்று வந்தார்கள். பெண்கள் இருள் சூழ்ந்த பின்னரே சென்றார்கள் என்பதை ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பிலிருந்து அறிகிறோம். அத்தகைய சூழலில், தேவைப்படும் இடத்திற்குத் தேவைப்படும் நேரத்தில் தண்ணீரைக் கொண்டுசேர்ப்பது ஒரு பெரும் பணியாக இருந்தது.

அந்தப் பணியைச் செய்தவர்கள் யார் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது, மற்றொரு சிறுவரோடு சேர்ந்து நபியவர்களுக்காகத் தோல்பாத்திரத்தில் தண்ணீர் சுமந்து சென்றார்கள். ரபீஆ இப்னு கஅப் (ரலி) அவர்கள் இரவில் அருகிலேயே தங்கி, உளூவுக்கான தண்ணீரையும் பிற தேவைகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதற்குப் பகரமாக என்ன வேண்டும் என்று நபியவர்கள் வினவியபோது, சுவனத்தில் தங்களோடு இருக்கும் பேற்றையே அவர்கள் வேண்டினார்கள். பிற்காலத்தில் கூஃபாவின் பேரறிஞராக விளங்கிய இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களை, நபியவர்களின் காலணிகளையும் தலையணையையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் பேணியவர் என்றே அபுத்தர்தா (ரலி) அவர்கள் அடையாளப்படுத்தினார்கள். அது அவர்களுக்குச் சூட்டப்பட்ட சிறப்புப் பெயர் போலாகிவிட்டது.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இன்னும் நுட்பமானது. நபியவர்கள் இயற்கைத் தேவைக்காகச் சென்றிருந்தபோது, யாரும் சொல்லாமலே அவர்கள் உளூவுக்கான தண்ணீரை எடுத்து வைத்தார்கள். திரும்பிவந்த நபியவர்கள், வைத்தவர் யார் என்று கேட்டறிந்து, இவருக்கு மார்க்கத்தில் ஆழ்ந்த விளக்கத்தை வழங்குமாறு அல்லாஹ்விடம் வேண்டினார்கள். குர்ஆன் விரிவுரையின் முன்னோடி என்று உம்மத் போற்றும் ஓர் அறிஞருக்கு அந்த துஆ கிடைத்த தருணம், தண்ணீரைச் சரியான இடத்தில் வைத்த தருணமாக இருந்தது.

வீட்டுக்குள்ளும் அதே அக்கறையைக் காண்கிறோம். நபியவர்கள் இரவில் எழுவதற்கு முன்பே மிஸ்வாக்கையும் உளூத் தண்ணீரையும் எடுத்து வைத்துவிடுவோம் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். மைமூனா (ரலி) அவர்கள் குளிப்பதற்குத் தண்ணீர் வைத்து, துணியால் மறைப்பு அமைத்து, குளித்து முடித்ததும் துடைத்துக்கொள்ளத் துணி நீட்டினார்கள். நபியவர்கள் அத்துணியைப் பெற்றுக்கொள்ளவில்லை என்பது வேறு செய்தி. தண்ணீர், மறைப்பு, துண்டு ஆகிய மூன்றும் குளிப்பவரின் கையருகே இருந்தன என்பதே நம் பேச்சுக்குத் தேவையானது.

முதுமையும் நோயும் வந்த வேளையில்

இவை உடல்நலத்தோடு இருந்த காலத்து ஏற்பாடுகள். உடல் தளர்ந்தபோது என்ன நடந்தது? இதற்கு மூன்று அறிவிப்புகள் விடை தருகின்றன.

முதலாவது, அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஹிலால் இப்னு யஸாஃப் என்பவர் ரக்கா நகருக்குச் சென்றபோது, வாபிஸா (ரலி) என்னும் நபித்தோழர் ஊன்றுகோலில் சாய்ந்தபடி தொழுதுகொண்டிருப்பதைக் கண்டார். தொழுகை முடிந்ததும் அதுபற்றிப் பேச்சு எழுந்தது. நபியவர்களுக்கு வயதாகி உடல் கனத்தபோது, தாம் தொழும் இடத்தில் சாய்ந்துகொள்வதற்காக ஒரு தூணை அமைத்துக்கொண்டார்கள் என்று உம்மு கைஸ் (ரலி) அவர்கள் தமக்கு அறிவித்ததை வாபிஸா (ரலி) அவர்கள் எடுத்துரைத்தார்கள்.

இரண்டாவது, உமைமா பின்த் ருகைகா (ரலி) அவர்களின் அறிவிப்பு. நபியவர்களின் கட்டிலுக்கு அடியில் மரத்தாலான ஒரு பாத்திரம் இருந்தது. இரவில் சிறுநீர் கழிக்க அதைப் பயன்படுத்தினார்கள். இதை அபூதாவூதும் நஸாயீயும் பதிவுசெய்துள்ளனர்.

மூன்றாவது, புகாரியில் இடம்பெறும் இறுதி நோயின் நிகழ்ச்சி. வலி கடுமையானபோது, கட்டு அவிழ்க்கப்படாத ஏழு தோல்பைகளின் தண்ணீரைத் தம்மீது ஊற்றுமாறு நபியவர்கள் சொன்னார்கள். ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்குச் சொந்தமான ஒரு பெரிய பாத்திரத்தில் அவர்களை அமரவைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அதே நோயின்போது, இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, கால்கள் தரையில் கோடிட்டு இழுபட, பள்ளிக்குச் சென்றதும் பதிவாகியுள்ளது.

பிடித்து நிற்க ஒரு தூண், படுக்கையருகே ஒரு பாத்திரம், அமர்ந்து குளிக்க ஒரு தொட்டி. இன்று மருத்துவக் கருவிகள் விற்கும் கடைக்குச் சென்றால், கைப்பிடிக் கம்பி, யூரின் பாட்டில், குளியல் நாற்காலி என்ற பெயர்களில் இவைதாம் நம் கண்ணில் படும். இவற்றை வாங்கி வீட்டில் வைக்க நம்மில் பலர் வெட்கப்படுகிறோம். கட்டிலுக்கடியில் பாத்திரம் வைத்தால் வீடு அசுத்தமாகிவிடும் என்கிறோம். கம்பி பொருத்தினால் வீடு ஆஸ்பத்திரி போலாகிவிடும் என்கிறோம். தூய்மையைக் கற்றுத்தந்த நபியின் இல்லத்தில் இவை இருந்தன. அறிவித்தவர்களும் இவற்றை மறைக்கவில்லை.

இயலாதோரின் தேவை அரசின் பொறுப்பாகவும் கருதப்பட்டது. கி.பி. 705 முதல் 715 வரை ஆண்ட உமையா கலீஃபா வலீத், நடக்க இயலாத ஒவ்வொருவருக்கும் ஒரு பணியாளரையும், பார்வையற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியையும் அமர்த்தியதாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதியுள்ளார்.

ஒரு மன்னரின் தயக்கம்

பணியாளர் இருந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? இக்கேள்விக்கு எதிர்பாராத ஓரிடத்திலிருந்து விடை கிடைக்கிறது. இன்றைய துருக்கியின் தியார்பக்கிர் பகுதியை ஆண்ட அர்துகித் மன்னர்களிடம் பணிபுரிந்தவர் அல்-ஜஸரீ. 1206ஆம் ஆண்டில் அவர் எழுதி முடித்த இயந்திரங்கள் பற்றிய நூல் உலகப் புகழ் பெற்றது. தாம் உளூச் செய்யும்போது பணியாளோ அடிமைப்பெண்ணோ கையில் தண்ணீர் ஊற்றுவதை மன்னர் ஸாலிஹ் விரும்பவில்லை என்றும், அதனால் தண்ணீர் ஊற்றும் கருவி ஒன்றைச் செய்து தரக் கேட்டார் என்றும் அல்-ஜஸரீ எழுதுகிறார்.

அந்நூலில் உள்ள கைகழுவும் கருவிகளுள் ஒன்று மயில் வடிவிலானது. மயிலின் அலகிலிருந்து தண்ணீர் வழியும். கழுவிய நீர் கீழேயுள்ள கலத்தில் சேரச் சேர, உள்ளே ஒரு மிதவை உயரும். மிதவை குறிப்பிட்ட உயரத்தை அடைந்ததும், சிறு கதவு திறந்து ஒரு பொம்மை வெளியே வந்து சோப்புப்பொடியை நீட்டும். நீர் மேலும் உயர்ந்ததும், மற்றொரு பொம்மை துண்டோடு வெளியே வரும். சோப்பைத் தேடி எழ வேண்டியதில்லை. துண்டுக்காகக் கையை உயர்த்த வேண்டியதுமில்லை. தேவைப்படும் பொருள், தேவைப்படும் வரிசையில், அமர்ந்திருப்பவரின் கையை நோக்கி வருகிறது.

இது அரண்மனை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் எண்ணற்ற பணியாளர்கள் சூழ இருந்த ஒரு மன்னரின் மனத்தில் இருந்த தயக்கமும், என் உம்மா மருத்துவமனையிலிருந்து வந்த அன்று சொன்ன சொல்லும் ஒன்றுதான். தன் இரப்புக்கு முன், தன் உடலைத் தானே கழுவித் தயாராக வேண்டும் என்ற விருப்பம் அது.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டமும் இந்த விருப்பத்தை மதிக்கிறது. உளூவுக்கான தண்ணீரைப் பிறர் கொண்டுவந்து தருவதில் குறையேதும் இல்லை. தக்க காரணமின்றிப் பிறரை ஊற்றச் சொல்வது தவிர்ப்பதற்குரியது. காரணமின்றிப் பிறரைக் கொண்டு உறுப்புகளைக் கழுவிக்கொள்வது மக்ரூஹ். தாமே செய்ய இயலாதவருக்கோ இச்சட்டம் மாறுகிறது; கூலி கொடுத்தேனும் உதவியாளரைத் தேடிக்கொள்வது, வசதி இருந்தால், அவர்மீது கடமையாகிறது. இந்தப் படிநிலையை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒருவர் தம் உளூவைத் தாமே செய்துகொள்ளும் நிலையை இயன்றவரை காப்பாற்றித் தருவது நம் பொறுப்பு என்பதை, அதில் இப்போதுதான் படிக்கிறேன்.

ஹம்மாமும் கெண்டியும்

இஸ்லாமிய நகரங்களில் ஹம்மாம் என்னும் பொதுக் குளியலகங்கள் பரவின. அங்கே பேண வேண்டிய ஒழுக்கங்களை இமாம் கஸ்ஸாலீ தம் இஹ்யாவில் தூய்மைப் பகுதியில் விளக்கியுள்ளார்கள். உஸ்மானியர் காலத்து ஹம்மாம்களில், சுவரையொட்டிக் கல்லால் ஆன சிறு தொட்டிகள் தாழ்வாக அமைந்திருக்கும். அருகிலுள்ள கல்திட்டில் அமர்ந்து, கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொள்வார்கள். ஈரப் பளிங்குத் தரைக்கு உயர்ந்த மரப்பாதுகைகளும் வழக்கில் இருந்தன. அமர்ந்த நிலையில் முழங்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் என்பதே அந்த அமைப்பின் அடிப்படை.

நம் கடற்கரை ஊர்களின் பள்ளிவாசல்களிலும் ஹவுளின் கரையில் அமர்ந்துதான் உளூச் செய்துவந்தோம். இரண்டு குல்லத்துக்குக் குறையாத தண்ணீர், அதாவது ஏறத்தாழ 200 லிட்டர், தேங்கியிருக்க வேண்டும் என்ற மத்ஹபின் அளவுகோலை ஹவுள் எளிதில் நிறைவேற்றியது. தாழ்ந்த கரையில் குந்தி எழுவது முதியவர்களுக்குச் சிரமம் என்பதையும் மறுக்க முடியாது.

வீடுகளிலோ கெண்டி இருந்தது. மூக்கு வைத்த அந்தப் பாத்திரத்தை ஒரு கையால் சாய்த்தால் மெல்லிய தாரையாகத் தண்ணீர் விழும். உள்ளே கையை விட வேண்டியதில்லை. என் உம்மம்மாவின் வீட்டுக் கொல்லைப்புறம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கிணற்றடியில் அகன்ற குளிக்கும் பலகை, அதில் அமர்ந்தால் தோள் மட்டத்தில் சுவரில் ஒரு மாடக்குழி, அதில் சோப்பும் சீயக்காய்க் கிண்ணமும். உத்திரத்திலிருந்து ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும். உம்மம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுவார்கள். அவர்களால் கொல்லைக்கு வர முடியாமற்போன காலத்தில், விடியலில் கெண்டியை நிரப்பிக் கட்டிலருகே கொண்டுபோய் வைப்பது ஏழு வயதுச் சிறுவனான என் வேலை. சிந்திய தண்ணீரை ஏந்த ஒரு பித்தளைத் தாம்பாளம் இருந்தது.

அந்த வீட்டில் யாரும் திட்டமிட்டு எதையும் வடிவமைக்கவில்லை. வயதானவர்களோடு ஒன்றாக வாழ்ந்ததால், பொருள்கள் தாமாகவே அவர்கள் கை எட்டும் இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.

குழாய் வந்த பிறகு

குழாய்த் தண்ணீர் வந்தது பெரும் நிஃமத். கிணற்றில் இறைக்கும் சிரமம் தீர்ந்தது. எகிப்திய அரபியில் குழாய்க்கு ஹனஃபிய்யா என்று பெயர். ஹனஃபி மத்ஹபோடு அப்பெயரைத் தொடர்புபடுத்தி ஒரு விளக்கமும் மக்களிடையே சொல்லப்படுவதுண்டு.

ஆனால் குழாயோடு ஒரு மாற்றமும் வந்தது. கெண்டி மனிதரை நாடி வந்தது. குழாய் சுவரைவிட்டு அசையாது. இப்போது மனிதர்தான் தண்ணீரைத் தேடிச் செல்ல வேண்டும். சோப்பு, துண்டு, எண்ணெய், வாளி எல்லாம் குழாயைச் சுற்றி இடம்பிடித்தன. அவை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதை, நின்றபடி சுவரில் துளையிட்ட ஆரோக்கியமான ஒருவருடைய கை தீர்மானித்தது. மாடக்குழி மறைந்தது; கயிறு மறைந்தது; சொரசொரப்பான சிமெண்டுத் தரைக்குப் பதிலாக வழவழப்பான டைல்ஸ் வந்தது. அதே காலத்தில் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் பெருநகரங்களுக்கும் சென்றார்கள். விடியலில் கெண்டி நிரப்பித் தர வீட்டில் சிறுவர்கள் இல்லை. உதவும் கைகள் குறைந்த நேரத்தில், பொருள்கள் உயரத்துக்குப் போய்விட்டன.

அளவுகள் எழுதப்பட்ட வரலாறு

இதே சிக்கலை வேறு சமூகங்கள் வேறு வழியில் எதிர்கொண்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், காயமுற்ற முன்னாள் வீரர்கள் சக்கர நாற்காலிகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் படிக்க வந்தார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1948 முதல் அவர்களுக்கான திட்டத்தை நடத்திய திமோதி நுஜென்ட், கட்டடங்களில் அவர்களுக்கு ஏற்படும் தடைகளை ஆய்ந்தார். அந்த உழைப்பின் பயனாக 1961இல் அந்நாட்டின் முதல் அணுகல் தரநிலை வெளியானது. பிரிட்டனில், போலியோவால் பாதிக்கப்பட்ட கட்டடக்கலைஞர் செல்வின் கோல்ட்ஸ்மித், இயலாதோருக்கான வடிவமைப்பு பற்றிய தம் நூலை 1963இல் வெளியிட்டார். 1990இல் அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது. இந்தியாவில் 1995இல் முதல் சட்டமும், அதற்குப் பதிலாக 2016இல் விரிவான சட்டமும் இயற்றப்பட்டன.

அமெரிக்கச் சட்டத்தின் 2010ஆம் ஆண்டுத் தரநிலைகளில் சில அளவுகள் நம் வீடுகளுக்கும் பயன்படும். அமர்ந்திருப்பவரின் கைக்கெட்டும் எல்லை, தரையிலிருந்து 15 அங்குலம் முதல் 48 அங்குலம் வரை. கழிப்பிருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம். கைப்பிடிக் கம்பியின் உயரம் 33 முதல் 36 அங்குலம். கம்பிக்கும் சுவருக்கும் இடையே ஒன்றரை அங்குல இடைவெளி. 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ, பாரத்தைத் தாங்கும் வலிமை.

இந்தச் சட்டங்கள் பெரும்பாலும் பொதுக் கட்டடங்களையே கட்டுப்படுத்துகின்றன. நம் வீட்டுக் குளியலறைக்குள் எந்த அதிகாரியும் அளவுநாடாவோடு வரப்போவதில்லை. அந்த அளவை எடுக்க வேண்டியவர்கள் பிள்ளைகளாகிய நாம்.

எங்கள் வீட்டில் செய்தவை

நானும் என் மனைவியும் உம்மாவையே கேட்டுக் கேட்டுச் செய்த மாற்றங்களைச் சொல்கிறேன். ஒவ்வொருவரின் நோய்க்கும் ஏற்ப மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கலந்துகொள்வது நல்லது.

முதலில் உம்மாவைக் குளியலறையில் நாற்காலியில் அமரவைத்து, சிரமமின்றிக் கை போகும் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் சுவரில் பென்சிலால் குறித்தோம். குனியவோ எட்டவோ தேவையில்லாத அந்த இடைவெளிக்குள்தான் அன்றாடப் பொருள்கள் யாவும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். பழைய மாடக்குழி இருந்த அதே தோள் மட்டத்தில், கூர்முனையில்லாத சிறு தட்டு ஒன்றைப் பொருத்தினோம். கையிலிருந்து நழுவும் சோப்புக் கட்டிக்குப் பதில், அழுத்தினால் வரும் சோப்புத் திரவம். கண்ணாடிப் புட்டிகள் அனைத்தும் வெளியேறின. துண்டுக்கும் மாற்றுடைக்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் தாழ்ந்த கொக்கிகள்.

ஃபினாயில், ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் ஆகியவை குளியலறையைவிட்டே அகன்று, பூட்டிய அலமாரிக்குப் போயின. குழந்தைகளைப் பற்றிய என் பழைய கவலையும் இதனால் தீர்ந்தது. பார்வை மங்கியவர்களுக்கும் இவை அருகில் இருப்பது ஆபத்துதான்.

தரையில் இருந்த வாளி, முக்காலியின் மேல் ஏறியது. குனியாமலே மொண்டுகொள்ளலாம். காலில் தட்டக்கூடிய கோப்பை, பிரஷ், காலணி எதுவும் தரையில் இல்லை. துண்டு தொங்கவிடும் கம்பியைப் பிடித்து எழுவது முதியவர்களின் வழக்கம். அது பாரத்தைத் தாங்காது. ஆகவே, சுவரில் ஆழமாகப் பதித்த உறுதியான கைப்பிடிகளை, கழிப்பிருக்கைக்கும் குளியல் நாற்காலிக்கும் அருகே அமைத்தோம். உறிஞ்சு மூடியால் டைல்ஸில் ஒட்டும் வகையை நம்ப வேண்டாம். கழுவும் கைக்குழாயை, வலக்கையால் எடுத்து இடக்கையால் சுத்தம் செய்யும்படி வலப்புறத்தில் வைத்தோம். நாற்காலியின் கால்களுக்கு ரப்பர், தரைக்கு வழுக்காத விரிப்பு, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள், இரவெல்லாம் எரியும் சிறு விளக்கு, கைக்கருகே ஓர் அழைப்புமணி.

உளூவில் மிகவும் ஆபத்தான கட்டம் கால் கழுவுவது. ஒற்றைக் காலில் நின்று, மற்றதை வாஷ்பேசினுக்குத் தூக்குவதை வயதானவர்கள் அறவே தவிர்க்க வேண்டும். உம்மா அமர்ந்தபடி, அகன்ற தாம்பாளத்தில் காலை வைத்து, நீண்ட பிடியுள்ள கோப்பையால் ஊற்றிக் கழுவுகிறார்கள். நிபந்தனைகளுக்குட்பட்ட காலுறை அணிந்திருப்பவர், ஊரில் தங்கியிருக்கும்போது ஒரு பகலும் ஓர் இரவும் அதன்மீது மஸ்ஹு செய்துகொள்ளலாம் என்ற சலுகையையும் நம் முதியவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பயன்படுத்தவே இயலாத நாட்களுக்குச் சுத்தமான மண் ஒரு தட்டில் கட்டிலருகே இருக்கட்டும். இரவுக்கான பாத்திரமும் மூடியோடு அங்கேயே இருக்கட்டும். காலையில் அதைக் கழுவி வைப்பது பிள்ளைகளுக்கு இழிவான வேலையன்று.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உளூச் செய்யும் வரிசையில் இரண்டு இருக்கைகளையாவது உயரமாக, கைப்பிடியோடு அமைத்துவிட்டால், வீட்டிலேயே தொழத் தொடங்கிவிட்ட பெரியவர்கள் சிலர் மீண்டும் ஜமாஅத்துக்கு வரக்கூடும்.

உம்மா இப்போது தம் உளூவைத் தாமே செய்கிறார்கள். நேரம் சற்று அதிகமாகிறது. ஸுப்ஹுக்கு முன், கதவுக்கு வெளியே நான் காத்திருக்கிறேன். அழைப்புமணி ஒலித்தால் மட்டுமே உள்ளே செல்வேன். மஃக்ரிபுக்குப் பிறகும் தண்ணீர் குடிக்கிறார்கள். சில நாட்களுக்கு முன் என் இளைய மகன், யாரும் சொல்லாமலே துண்டை மடித்து அந்தத் தாழ்ந்த கொக்கியில் போட்டுவிட்டு வந்ததைக் கண்டேன். தண்ணீரை எடுத்து வைத்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்குக் கிடைத்த துஆவிலிருந்து ஒரு பங்கு அவனுக்கும் கிடைக்கட்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டேன்.

நம் வீட்டு முதியவர்களும் நோயாளிகளும் அச்சமின்றித் தூய்மை பெறவும், கண்ணியத்தோடு தம் இறைவனை வணங்கவும் வல்ல அல்லாஹ் வழிசெய்வானாக. அவர்களின் கை எட்டும் தூரத்தை அறிந்து நடக்கும் பிள்ளைகளாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.